வார்னிஷில் ஒரு குரல்

சுவருக்குப் பெயிண்ட் அடித்தால், அது காயும்வரை வீட்டார் எல்லோரும் அதன் எதிரில் உட்கார்ந்து பேசும் காலம் அது. சூரியப்புயல் ஒன்று உலகத்தின் மின்பதிவுகளை மொத்தமாகத் துடைத்துப் போட்டதில், செத்தவர்களின் குரலும் சேர்ந்து போய்விட்டது. பிறகுதான் காய்வொலிமீட்டி வந்தது. பெயிண்டோ வார்னிஷோ ஈரமாக இருக்கையில் பக்கத்தில் யாராவது பேசினால், அந்த அதிர்வு அதிலேயே இறுகிவிடும். கருவி அதைத் தடவிப் படித்துப் பேச்சாக்கும். மாமனார் பழைய கதவிலிருந்து திட்டுவதைக் கேட்டுத் தேம்பி அழுத மருமகள்களும் உண்டு.

மங்களேஸ்வரிக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். தம்பி தயாபரனின் முகம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ‘அக்கா’ என்று எப்படிக் கூப்பிடுவான் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

ராயபுரத்து உப்புக் கிடங்கில் நடந்த நவீன ஓவியக் கண்காட்சி இன்று பாடப்புத்தகம்வரை ஏறிவிட்டது. மற்ற ஓவியர்கள் படங்களை நன்றாகக் காயவைத்துத்தான் எடுத்துவந்தார்கள். தயாபரன் எதைத்தான் நேரத்துக்குச் செய்தான்? திறப்புவிழாக் கூட்டம் வந்த பிறகும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வார்னிஷ் பூசினான். அடுத்த வருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவனுக்காகவே ஓவியப் பாதுகாப்பைப் படித்துக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள் அக்கா. அழைப்பிதழ், நுழைவுச்சீட்டு, அவன் தூரிகை துடைத்த துணி என்று அந்தக் கண்காட்சியின் ஒரு துரும்பைக்கூட அவள் வீணாக விடவில்லை.

கருவியோடு காப்பகத்துக்கு வந்த ஜெரால்டு, தயாபரனின் படத்தை அண்ணாந்து பார்த்தான்.

“இத்தன வருசத்துல கொஞ்சம்கூட மஞ்சளடிக்கலியே மேடம். வார்னிஷ் அவர் பூசினதுதானே?”

நிறம் மாறிய வார்னிஷைக் கரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அவளும் பஞ்சை நனைத்து நனைத்து, இடுப்பொடியக் குனிந்து, தம்பி பூசியதைச் சொந்தக் கையாலேயே துடைத்தெடுத்துப் புதிதாகப் பூசியிருந்தாள்; அப்போது காய்வொலிமீட்டி வந்திருக்கவில்லை. பரணில் எதையாவது கேட்பாரற்றுப் போட்டுவைத்த குடும்பங்களுக்கெல்லாம் இப்போது குரல் கிடைத்துக்கொண்டிருந்தது.

“நான்தாம்பா எடுத்தேன்,” என்றாள். “ஓரத்துல எங்கியாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும். நல்லா பாரு.”

ஓரங்களில் வெறும் இரைச்சல்தான். கருவி படத்தின் நடுவுக்கு வந்தபோது ஜெரால்டு கையை உயர்த்தினான்.

“பேச்சு வருது மேடம்.”

மங்களேஸ்வரி கருவிக்கு அருகில் குனிந்தாள். வந்தது பெண் குரல்.

“பாருடா தயா, இப்ப எப்படிப் பளிச்சுன்னு இருக்கு. இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது. அக்கா பாத்துக்கிறேன்.”

ஜெரால்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்; பிறகு தலை குனிந்துகொண்டான். அவள் வாய்விட்டு அழுதாள்.

கருவி நிற்கவில்லை. தம்பி ஏதாவது சொல்வான் என்று நினைத்தவள்போல, வார்னிஷில் பதிந்திருந்த மங்களேஸ்வரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தையும் அது சுத்தமாக மீட்டுக் கொடுத்தது.