அந்த அறைக்கு வியர்த்தது!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். காதில் வைத்தார். பேசவில்லை.

மறுமுனையில் ஒரு பெண் அலறினாள்.

"சார்! எங்க மாமா... மாமா தலையில ரத்தம் சார்! தொட்டுப் பாத்தேன்... உடம்பு ஐஸ் மாதிரி இருக்கு சார்! ...சார்? ஹலோ? யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்போ வாங்களேன் சார்!"

நியாயமான பேச்சு. முகவரியைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷனில் அவருக்கு 'மௌனசாமி' என்று பெயர். குற்றவாளியை எதிரில் உட்கார வைப்பார். பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். பத்தாவது நிமிடம் எதிரில் இருப்பவன் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். அந்த மௌனத்தைப் பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் தனியாக ஒரு வகுப்பே எடுக்கிறார்களாம்.

உண்மை அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அடுத்து என்ன கேட்பதென்று அவருக்குத் தோன்றாது. அவ்வளவுதான்!

தோன்றும் வரை சும்மா இருப்பார். தோன்றுவதற்குள் எதிராளி ஒப்புக்கொண்டுவிடுவான். பத்தொன்பது வருடத்தை இப்படியே ஓட்டியாயிற்று. இரண்டு பதக்கம் வேறு!

ஜீப் அந்த வீட்டின் முன் நின்றபோது மணி பதினொன்றேகால்.

மழை இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று மூன்று நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. ஈரத் துணியை மூஞ்சியில் போட்டு மூடியது போலக் காற்று. இன்ஸ்பெக்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொப்பைக்கு மேல் பெல்ட்டும் மூக்கின் மேல் கண்ணாடியும் வழுக்கின.

"இந்தப் புழுக்கத்துல எவன் சார் கொலை பண்ணுவான்?" என்றார் ஏட்டு. "எனக்கு ஷூ லேஸ் கட்டவே தெம்பு இல்ல."

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. ஏட்டு அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் மூன்று பேர் நின்றார்கள்.

போன் செய்த மருமகள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது.

பக்கத்து வீட்டு அம்மாள். யாரும் கூப்பிடாமலே வந்தவள்.

எதிர்வீட்டு டாக்டர். வெள்ளைக் கோட்டு, தழைந்த குரல், நெற்றியில் கவலைக் கோடு.

"நான்தான் சார் முதல்ல பாத்தேன்," என்றார் டாக்டர். "அதாவது இந்தம்மாவுக்கு அப்புறம். பத்தரை மணிக்கு ஓடி வந்து கூப்பிட்டாங்க. பெரியவரோட கைத்தடியாலயே பின்மண்டையில அடிச்சிருக்காங்க."

"......"

"உடம்பு நல்லா சில்லிட்டுப் போச்சு சார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு உயிர் போயிருக்கும். முன்னப் பின்ன அரை மணி நேரம்."

ஏட்டு எழுதிக்கொண்டார்.

"போலீஸ் டாக்டர் சாயங்காலம்தான் வருவாரு சார்," என்று இன்ஸ்பெக்டரின் காதில் சொன்னார். "அதுவரைக்கும் இவரு சொல்றதுதான் கணக்கு."

"அஞ்சு மணிக்கு வீட்ல யார்ம்மா இருந்தீங்க?"

"நானும் என் பொண்ணும்தான் ஏட்டய்யா. ரெண்டாவது படிக்கிறா. என் வீட்டுக்காரர் கப்பல்ல. கதவெல்லாம் உள்பக்கமா பூட்டியிருந்துச்சு..."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே புரிந்தது. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தன் கழுத்துக்குத்தான் அளவெடுக்கிறது என்று!

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் ஒரே சண்டை சார்! ஈரத் துணிய வீட்டுக்குள்ள காயப் போட்டாளாம். வீடே ஓதம் புடிச்சுப் போச்சுன்னு பெரியவர் கத்தினாரு. அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? 'நீங்க ஒழிஞ்சாத்தான் இந்த வீடு காயும்'னா! என் காதால கேட்டேன்!"

"சொன்னியாம்மா?" என்றார் ஏட்டு.

"சொன்னேன்." அவள் தலை குனிந்தாள். "அவரு ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு ஏட்டய்யா. வீட்லயும் ஹெட்மாஸ்டர்தான். தினமும் ஒரு சண்டை. நைட்டு அவரே வந்து, 'சாப்ட்டியா'ன்னு கேப்பாரு. நேத்தும் கேட்டாரு..."

இன்ஸ்பெக்டரின் செல்போன் துடித்தது. டி.எஸ்.பி.!

"என்னய்யா, மருமகதானாமே? தெருவே பேசுதாமே? ஒரு மணிக்குள்ள அரெஸ்ட் பண்ணிக் கூட்டிட்டு வாங்க. பத்திரிகைக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க."

"சார்..."

"என்ன?"

என்னவென்று அவருக்கே தெரியவில்லை. வைத்துவிட்டார்.

மருமகளை எதிரில் உட்கார வைத்தார். பார்த்தார். பிரபலமான அந்த மௌனத்தை ஆரம்பித்தார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

அவளும் அவரைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். ஃபேன் கறக் கறக் என்றது. பதினோராவது நிமிடம் கண்ணைத் தாழ்த்தியது இன்ஸ்பெக்டர்தான்!

"ஏதாவது கேப்பீங்கன்னு காத்துட்டிருக்கேன் சார்," என்றாள் அவள்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தோல்வி. சும்மா உட்கார்ந்திருப்பதில்கூட ஒரு தையல்காரியிடம் தோற்றாயிற்று!

"காலைல என்ன பண்ணே?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"மாமாவுக்கு ரூம் வாசல்ல டீ வெச்சேன். எட்டே முக்காலுக்குப் பாப்பாவ ஸ்கூல்ல விட்டேன். அங்கிருந்து லைனிங் துணி வாங்கக் கடைக்குப் போனேன். பத்தரைக்கு வந்து பாத்தா... சார், நான் ஒண்ணும் பண்ணல. அதனால சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல. மூணு மணிக்குப் பாப்பா வந்துருவா. நீங்க என்னைக் கூட்டிட்டுப் போனா, அவளுக்குக் கதவத் திறக்க ஆள் இல்ல சார்."

அவள் அழவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

எழுந்தார். "நான் பாடி இருக்கற ரூம்ல கொஞ்ச நேரம் இருக்கேன். யோசிக்கணும்."

ஏட்டு பயபக்தியோடு கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார்...

சர்ர்ர்ர்ர்!

தொப்பி ஒரு பக்கம், ஏட்டு ஒரு பக்கம்.

"பாத்து ஏட்டய்யா!" என்று கூடத்திலிருந்து டாக்டர் பதறினார். "தரையெல்லாம் ஓதம். மழைக்காலத்துல எல்லா வீட்லயும் இப்படித்தான்!"

இன்ஸ்பெக்டர் ஏட்டைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியவர் கட்டிலில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் கைத்தடி.

பேசாத ஆட்கள் இரண்டு பேர், ஒரே அறையில். அதில் ஒருவருக்கு மட்டும் அரசாங்கம் சம்பளம் தருகிறது!

டைல்ஸ் தரை பூராவும் பொடிப்பொடியாக நீர். இரும்பு பீரோவின் மேல் கோடு கோடாக வழிந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரியவருடைய மனைவியின் படத்தில் கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் துளிகள். ஸ்விட்ச் போர்டுக்குக்கூட வியர்த்திருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு மட்டும் வியர்க்கவில்லை.

சுகமாக இருந்தது! சட்டை முதுகை விட்டுப் பிரிந்தது. மூச்சு சீரானது. தனிமை என்றால் தனிமைதான் என்று நினைத்துக்கொண்டார். இப்படி ஓர் அறை ஸ்டேஷனில் இருந்தால் எத்தனை கேஸ்களில் துப்பு துலக்கியிருக்கலாம்!

ஜன்னலருகே போனார். கண்ணாடி பனி மூடினாற்போல் மங்கியிருந்தது. விரலால் அதில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

விழவில்லை.

இன்னும் அழுத்திப் போட்டார். விரல் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது. ஈரம் வெளிப்பக்கம் இருந்தது!

'ஒரு கேள்விக்குறி போடக்கூட வக்கில்லை எனக்கு,' என்று அலுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். சீலிங்குக்குக் கீழே ஒரு ஏசி ஊமையாக இருந்தது. அதைப் பார்த்தார். அதுவும் பார்த்தது. இருபத்தைந்து நிமிடம் போயிற்று. அதில் யோசித்தது ஐந்து. மீதியைப் பற்றிச் சொல்வதற்கில்லை; லேசாகக் குறட்டை வந்திருக்கலாம்.

திடுக்கிட்டு எழுந்தார். மணி பன்னிரண்டரை!

ஒரு முடிவும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தொண்டை வறண்டது. கதவைத் திறந்து கூடத்தில் கால் வைத்தார்...

உலகம் மறைந்தது!

எல்லாம் வெள்ளை! இரண்டு கண்ணிலும் புகை!

ஒரு விநாடி மாரடைப்பு என்றே நினைத்தார். அப்புறம்தான் புரிந்தது. மூக்குக்கண்ணாடி மங்கியிருக்கிறது. கர்சீப்பை எடுத்தார். அது வியர்வையில் ஊறிப் பிழிகிற நிலையில் இருந்தது. தானாகத் தெளியட்டும் என்று அப்படியே நின்றார்.

இது அவருக்குப் பழக்கமான சங்கடம்தான். டி.எஸ்.பி.யின் ஏசி அறையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் இப்படித்தான் மங்கும். வராந்தாவில் நிற்பவர்கள், 'பாவம், அழுதுட்டே போறாரு' என்பார்கள்...

ஏசி அறை!

காலடியில் கூடத்துத் தரை காய்ந்திருந்தது. இந்த வீட்டில் அந்த ஓர் அறைக்குத்தான் வியர்த்திருக்கிறது! ஜன்னலின் வெளிப்பக்கம் ஈரம். உள்ளே இருந்தவருக்குச் சுகம். சுகமாம், தனிமையாம்... முட்டாள்! அந்த அறை குளிர்ந்திருக்கிறது! ஆட்கள் வந்துபோனபோது கதவு வழியாகப் புழுக்கக் காற்று புகுந்து, பட்ட இடத்திலெல்லாம் தண்ணீராகியிருக்கிறது!

அப்படியானால்... பெரியவர் உடம்பு சில்லிட்டது செத்து நேரமானதால் இல்லை. ஏசி ஓடியதால்! ஐந்து மணி என்பது பொய். அந்தப் பெண் வெளியே போன பிறகு யாரோ...

யார்?

வழக்கம் போல, இந்த இடத்தில் மூளை நின்றுவிட்டது.

எதிரே புகைக்குள் உயரமாய், வெள்ளையாய், அசையாமல் ஒன்று நின்றது. கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜ். உள்ளே குளிர்ந்த தண்ணீர் இருக்கும். தெளிந்ததும் ஒரு பாட்டில் கேட்க வேண்டும். நாக்கைச் சப்புக்கொட்டியபடி அதையே ஏக்கத்தோடு பார்த்தார்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

"அப்படிப் பாக்காதீங்க சார்," என்றது ஃப்ரிட்ஜ்.

இன்ஸ்பெக்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அரை மணி நேரமா உள்ள அந்த ஏசியத்தானே பாத்துட்டிருந்தீங்க?" ஃப்ரிட்ஜின் குரல் நடுங்கியது. "நான்தான் சார்! நான்தான் அடிச்சேன்!"

பக்கத்து வீட்டு அம்மாள் 'ஐயையோ' என்றாள்.

இன்ஸ்பெக்டர் மௌனமாகவே இருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அது பயத்தினால் வந்த மௌனம்.

"ஒம்போது மணிக்கு அவரே போன் பண்ணி வரச் சொன்னாரு. 'நீ டாக்டருக்குப் படிச்சேன்னு சொல்ற காலேஜுக்கு எழுதிக் கேட்டேன், அப்படி ஒருத்தன் அங்க படிக்கவே இல்லையாமே'ன்னாரு. கால்ல விழுந்து கெஞ்சினேன். ஹெட்மாஸ்டர் இல்லையா... 'தப்புன்னா தப்புதான்'ன்னு திரும்பிப் படுத்துட்டாரு. கோவத்துல கைத்தடிய எடுத்தேன். அப்புறம் ஏசிய முழுசாத் தட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இந்தம்மா வந்து கூப்பிட்டப்ப, தண்ணி கொண்டு வாங்கன்னு அனுப்பிட்டு ஏசிய அணைச்சேன்..."

மூக்குக்கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்தது.

புகைக்குள்ளிருந்து முதலில் வெள்ளைக் கோட்டு வந்தது. பிறகு கூப்பிய இரண்டு கைகள். பிறகு டாக்டரின் முகம்.

ஃப்ரிட்ஜ் இரண்டடி தள்ளி, பழைய காலண்டரைச் சுமந்துகொண்டு, எந்தப் பாவமும் அறியாமல் நின்றுகொண்டிருந்தது. அது பச்சை நிறம் வேறு!

"மூணு வருஷமா மாமா அந்த ஏசியத் தொட்டதே இல்ல," என்றாள் மருமகள் மெதுவாக. "மூட்டு வலி. அதான் எனக்குத் தோணவே இல்ல..." சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். மாமனாருக்காக.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணு மணிக்குப் பாப்பா வரும்போது நீயே கதவத் திறந்து விடும்மா."

அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

விலங்கு மாட்டியபடியே ஏட்டு சிலிர்த்தார்.

"என்னா பார்வை சார்! ஒரு வார்த்தை கேக்கல... ஆளு அப்படியே உருகிட்டான்! இந்த ஆளுதான்னு எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பதக்கத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

ஜீப் பாதி வழி போயிருக்கும். பின்சீட்டில் கைதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏட்டுக்குத் திடீரென்று முகம் வெளுத்தது.

"சார்! போன மாசம் என் முதுகு வலிக்கு இந்த ஆள்கிட்டதானே சார் மூணு ஊசி போட்டுக்கிட்டேன்!"

"வலி போச்சா?"

"சுத்தமாப் போச்சு சார்!"

இன்ஸ்பெக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். வழக்கமான மௌனம். அப்புறம் சொன்னார்:

"அப்போ உன் வலியும் போலிய்யா!"