கப்பல் கேஸ் சிஸ்டர்

“கப்பல்ல போக முடியலைன்னு கேஸ் போடுறாகளாம் அண்ணாச்சி... நம்ம பக்கம் செத்தவுகளுக்கே கேக்க நாதியில்ல!”

டீக்கடைத் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்ற ஆஷ்லினின் காதில் அது தெளிவாக விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் அன்றைக்கும் கப்பல் கம்பெனி வக்கீல் வரவில்லை, மறுபடி வாய்தா என்று அப்பாவிடம் அப்போதுதான் போனில் சொல்லி முடித்திருந்தாள். அதை ஒட்டுக் கேட்டுத்தான் இந்த ஏளனம்.

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். நகக்கண்ணெல்லாம் நீல மை. தூக்கமே காணாத கண்கள்... அந்தக் கண்கள் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறின.

“என்னையா சொன்னீங்க?”

“பொதுவாச் சொன்னேன்.”

“பொதுவா யாரும் கப்பலுக்குக் கேஸ் போடறதில்ல. என்னைத்தான் சொன்னீங்க.” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “யாரோட வலி பெருசுன்னு அளந்து பார்க்க உங்களை இங்க உட்கார வச்சிருக்காங்களா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மழைக்குள் இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை நனைந்துகொண்டே போனாள். மழையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அழுதது யாருக்கும் தெரியவில்லை.

அவனுக்கு என்ன தெரியும்? அம்மாவை அவனுக்குத் தெரியுமா?

அம்மா, ஞானதீபம் டீச்சர், சிவகாசியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே ஆயுளைக் கொடுத்தவள். ஈரலில் புற்று என்று தெரிந்தபோது டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள். என்னம்மா வேணும் என்று மகள் கேட்டதற்கு, “ஒரு தடவை நடுக்கடல்ல நிக்கணும்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியக் கூடாது” என்றாள். அதற்காகத்தான் சென்னையிலிருந்து புறப்படும் அந்தச் சொகுசுக் கப்பலில் ஆஷ்லின் இடம் போட்டாள். இரவல் ஸ்வெட்டர், மாத்திரைப் பை, ஜெபப் புத்தகம்... எல்லாம் எடுத்துக்கொண்டு துறைமுகம் போய்ச் சேர்ந்தால், சிரித்த முகமாக ஒரு பெண் சொன்னாள்: “சாரி மேடம், ரூமைவிட அதிகமா புக்கிங் ஆயிருச்சு. உங்க பேர் கேன்சல். அடுத்த மாசம் வாங்க.”

இவர்களைப் போலவே இன்னும் பல குடும்பங்கள் அங்கே கத்திக்கொண்டிருந்தன. அம்மா மட்டும் கத்தவில்லை. சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்து, கப்பல் நகர்ந்து போவதைக் கடைசிவரை பார்த்தாள். ரயிலில் திரும்பும்போது, “விடுடி, பார்த்துட்டேன்ல” என்றாள்.

அடுத்த மாதம் வந்தது. அம்மா இல்லை.

புகார் கொடுத்தபோது கம்பெனி, வானிலைதான் காரணம் என்றது. வேண்டுமானால் இரண்டு பேருக்கு இலவச டிக்கெட் தருகிறோம் என்றது. இரண்டு பேருக்கு! அந்தத் தாளை ஆஷ்லின் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனாள்.

அடுத்த வாய்தாவில் அவனை மறுபடி பார்த்தாள். சிவகாசி பஸ்ஸில், அவள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்குச் சளி, முகக்கவசம் போட்டிருந்தாள். அவன் ஏதோ சொல்ல வந்தவன், அவள் கண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

மன்னிப்புக் கேட்கப் போறான் போல, என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீங்க... தீக்காய வார்டு சிஸ்டர்தானே?”

அவள் திரும்பினாள்.

“அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தேன், தெரியல. இந்தக் கண்ணு தெரியுது. எங்க அக்கா முத்துமாரி உங்க வார்டுலதான் இருந்தா. தாயில்பட்டி பட்டாசு விபத்து. போன வருசம், தீவாளிக்கு முந்தி.”

முத்துமாரி... ஆஷ்லினுக்கு மறக்கவில்லை. மறக்க முடியாதவர்களில் அவளும் ஒருத்தி. உடம்பு முழுக்கக் கட்டு. பேச முடிந்த கொஞ்ச நேரத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘என் மூஞ்சி எப்படி இருக்கு சிஸ்டர்?’

“நல்லாத்தான் இருக்கு, புருவம் மட்டும்தான் கருகிருக்கு, வளந்துரும்னு சொன்னீக,” என்றான் அவன் மெல்ல. “நான் ஜன்னலுக்கு அங்கிட்டு நின்னேன். அக்கா சிரிச்சா. அன்னைக்கு ராத்திரியே போயிட்டா... ஆனா சிரிச்சுட்டுப் போனா.”

பஸ்ஸில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஷ்லினுக்கு எதுவும் கேட்கவில்லை. முகக்கவசம் நனைந்தது. பக்கத்து சீட் காலியானதும், “உட்காருங்க” என்றாள்.

அவன் பெயர் முனியராஜ். காலண்டர் அச்சாபீஸில் மிஷின்மேன். அக்கா வேலை பார்த்த பட்டாசு கம்பெனி மேல் நடக்கும் கேஸில் அவன் சாட்சி. வெடி விபத்துக்கு முந்தின நாள் அக்காவுக்குச் சோத்துச் சட்டி கொண்டுபோய்க் கொடுத்தவன், அந்த அறையைக் கண்ணால் பார்த்திருந்தான்.

“நாலு பேரு உக்காரவேண்டிய ரூம்புல பன்னெண்டு பேரு. சீசன், ஆர்டர் நெருக்குதுன்னு ஆளைத் திணிச்சிட்டாங்க.” சற்று நேரம் கழித்து அவனே கேட்டான். “உங்க கப்பல் கதை என்ன சிஸ்டர்?”

சொன்னாள். சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றிச் சொல்லி முடித்தபோது சிவகாசி வந்திருந்தது. அவன் இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, “அன்னைக்கு நான் பேசினது ஈனப் பேச்சு. செருப்பால அடிச்சிருக்கணும் நீங்க” என்றான்.

“அடுத்த வாய்தாவுக்கு அடிக்கிறேன்,” என்றாள். அம்மா போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பிறகு வாய்தாக்கள் அவ்வளவு வெறுப்பாக இல்லை. வக்கீல் நாள் சொன்னதும் இருவருக்குள்ளும் முதலில் எழுந்த கேள்வி, அன்றைக்கு மற்றவருக்கும் வாய்தா இருக்குமா என்பதுதான். இல்லாத நாளிலும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அவன் வந்து நின்றான்.

“கப்பல் கேஸ் சிஸ்டர், சூடா வடை... இந்தாங்க.”

“எத்தனை தடவை சொல்றது? சிஸ்டர்னு கூப்பிடாதீங்க.”

“ஆஸ்பத்திரியில எல்லாரும் அப்படித்தான கூப்பிடுதாக?”

“இது ஆஸ்பத்திரி இல்ல. எனக்குப் பேர் இருக்கு.”

“தெரியும். சொல்லிப் பார்த்தேன்...”

“எப்போ?”

“வீட்டுல யாரும் இல்லாதப்ப.” சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது... கடவுளே, இந்த வயசில் எனக்கு ஏன் இப்படி?

ஆணையத்தில் ஆஷ்லினின் கேஸ் கடைசியாக விசாரணைக்கு வந்த நாளில், முனியராஜ் பின் வரிசையில் வந்து உட்கார்ந்தான். கம்பெனி வக்கீல் எழுந்து, “சுற்றுலா தள்ளிப்போனது ஒரு சின்ன ஏமாற்றம்தான். அதற்கு மாற்றாக இலவசப் பயணமே தர முன்வந்தோம்” என்றார்.

ஆஷ்லினைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “கப்பல்ல எத்தனை ரூம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்,” என்றாள். “தெரிஞ்சேதான் அதுக்கு மேல வித்தாங்க. வராத ஆள் நாலு பேர் இருப்பாங்க, சமாளிச்சுக்கலாம்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்குல எங்கம்மா மிச்சமாயிட்டாங்க. அடுத்த மாசம்னு சொன்னாங்க ஐயா... எங்கம்மாகிட்ட அடுத்த மாசம் இல்ல.”

பின் வரிசையில் முனியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. வானிலை என்றது பொய், இருக்கும் இடத்துக்கு மேல் விற்றதுதான் குற்றம், நஷ்டஈடு கொடுத்து மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. போனில் கேட்டதும் அப்பா சேசுராஜ் குரல் உடைந்து, “உங்கம்மா போட்டோவுக்கு முன்னாடிதான்மா நிக்கிறேன்” என்றார்.

மகிழ்ச்சியைச் சொல்ல ஆஷ்லின் கோர்ட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு முனியராஜின் கேஸிலும் தீர்ப்பு.

படிக்கட்டில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“கம்பெனிக்காரக எல்லாரும் விடுதலை,” என்றான், அவள் கேட்கும் முன்னால். அக்காவோடு வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். “அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது. திங்கக்கிழமை அதே கம்பெனி வேன்லதான ஏறணும்? நான் ஒருத்தன் சொன்னது எடுபடல.”

அவள் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் எழுந்துவிட்டான்.

“பார்த்தீகளா... டீக்கடையில வாய்க்கொழுப்புல சொன்னேன். அப்படியே நடந்துபோச்சு. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, கப்பலுக்கு நியாயம் கிடைச்சிருச்சு. எங்கக்காவுக்கு இல்ல.”

“முனியராஜ்...”

“உங்க மேல கோவமில்ல. ஆனா உங்களைப் பார்த்தா எனக்கு அது ஞாபகம் வரும். அது உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. விட்டுருங்க.”

போய்விட்டான். போன் எடுக்கவில்லை. ஒரு நாள் அச்சாபீஸுக்கே போய் விசாரித்தாள். சாட்சி சொன்ன மறுவாரமே, பட்டாசு கம்பெனிகளின் ஆர்டர் போய்விடும் என்று, அவனை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். அதை அவளிடம் சொல்லவே இல்லை அவன். அத்தனை நாளும் கையில் வேலையில்லாமல்தான் வடை வாங்கிக் கொடுத்தானா? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வார்டில் ஊசி போடும்போதும் அந்தக் கண்கள்தான் வந்து நின்றன...

முனியராஜைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். சேசுராஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, “வேற சாமி கும்பிடுற வீடு. சர்ச்சுல நம்ம சனம் என்ன பேசும்னு யோசிச்சியா?” என்றார்.

“அவங்க பேசட்டும்பா. அம்மா இருந்தா என்ன பேசியிருப்பாங்க?”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் ஆஷ்லின் தாயில்பட்டி பஸ் ஏறினாள்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்து வாசலில் நின்றாள். ஓய்ந்துபோன தோற்றத்தில் ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். முனியராஜின் தாய் சின்னத்தாய்.

“யாரு தாயி? முனியனைத் தேடியா? அவன் இன்னும் வேலை முடிஞ்சு வரலையே.”

“வேலையா... என்ன வேலைம்மா?”

சின்னத்தாய் தெருவைப் பார்த்தாள். தெருமுனையில் வேன் ஒன்று வந்து நின்றது. வேறொரு பட்டாசு கம்பெனியின் வேன். பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் முனியராஜ். தலைமுடி, புருவம், கை எல்லாம் வெள்ளி நிறத்தில் வெடிமருந்துப்பொடி.

ஆஷ்லின் வாசலைவிட்டுத் தெருவில் இறங்கினாள். எத்தனை உடம்புகளிலிருந்து அந்தப் பொடியைக் கழுவியிருப்பாள்! தண்ணீர் பட்டால் அலறுவார்களே...

அவன் அவளைப் பார்த்து நின்றுவிட்டான். “நீங்க எதுக்கு இங்கன...”

“மருந்து ரூமுக்கா போறீங்க?” அவள் குரல் தெருவுக்கே கேட்டது. “உங்க அக்கா போன அதே வேலைக்கா?”

“மெல்லப் பேசுங்க. வேற எவன் எனக்கு வேலை குடுக்கான்? சாட்சி சொன்னவன்னு எந்த அச்சாபீசுலயும் உள்ள விடமாட்டேங்காக. மருந்து ரூமுக்குத்தான் ஆள் யாருன்னு கேக்காம எடுக்காக. ஆத்தாவுக்குக் கஞ்சி ஊத்தணும்ல.”

“விருதுநகர்ல அச்சாபீஸ் இல்லையா? மதுரையில இல்லையா? போய்க் கேட்டீங்களா? இல்ல... செத்தாச் சாவோம்னு ஏறிட்டீங்களா?”

அவன் நகர்ந்து போகும் வேனைப் பார்த்தான். அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்தது.

“நான் அந்த வார்டுலதான் இருக்கேன் முனியராஜ்,” என்றாள், இப்போது மெதுவாக. “ஆம்புலன்ஸ் வரும்போதெல்லாம் நான்தான் ஓடணும். ஒருநாள் அதுல உங்களைக் கொண்டு வந்தா... என்னால முடியாது. எல்லாருக்கும் பொய் சொல்லிருவேன். உங்ககிட்ட சொல்ல வராது.”

“நான் யாரு உங்களுக்கு?” என்றான். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“தெரியாத மாதிரி கேட்கிறீங்களா? பிடிச்சிருக்கு. உங்களைப் பிடிச்சிருக்கு. அப்பா என்கூடப் பேசறதில்ல, ரெண்டு நாளாச்சு. இன்னும் எத்தனை நாள் பேசாம இருந்தாலும் பிடிச்சிருக்கு. போதுமா?”

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் போகாமல் நின்றார்கள். தூறல் அவன் தலையிலிருந்த பொடியைக் கரைத்து, கன்னத்தில் சாம்பல் கோடுகளாக இறக்கியது. அவன் கையை நீட்டினான். கையைப் பார்த்தான். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“தொடாதீக... மருந்து.”

“கழுவிட்டு வாங்க.”

“எனக்குப் பயமா இருக்கு ஆஷ்லின்,” என்றான். அவள் பேரை அவன் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. “அக்காவைப் பிடிக்கும், போயிட்டா. கேஸு ஜெயிக்கும்னு நம்பினேன், போச்சு. உங்களை நெனச்சு நெனச்சுத்தான் அம்புட்டு வாய்தாவுக்கும் வந்தேன்... வேலையோட கேஸும் போன பெறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நிக்க? ஆசைப்படவே பயமாப்போச்சு.”

“எனக்கும்தான் பயம். ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகணும். வக்கீலைக் கேட்டுட்டேன், நீங்க போடலாமாம். அதுவும் தோத்துப் போகலாம். ரெண்டு பேராப் போய்த் தோப்போம்.”

வாசலில் நின்ற சின்னத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஏலே முனியா... அந்தப் பிள்ளைய எம்புட்டு நேரம் தூத்தல்ல நிப்பாட்டி வைப்ப? உள்ள கூட்டிட்டு வாலே.”

முனியராஜ் குழாயடிக்குப் போனான். கையை, முகத்தை, தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு ஈரத்தோடு வந்து, தாயைப் பார்த்து, ஆஷ்லின் காதில் விழும்படி சொன்னான்:

“ஆத்தா... விடியக்காலம் வேன் வந்து ஆரன் அடிச்சா, நான் வரலைன்னு சொல்லிரு.”