ஏறன் கொடுத்த முரசு

பெண்ணையாற்று மணல்மேட்டில் அந்திவெயில் குங்குமம் கரைத்துக்கொண்டிருந்த வேளையில், நூறு வில்லாளர்களோடு பேரரசின் பாசறைக்குள் நுழைந்த குறுநிலத் தலைவன் கண்டன் ஏறனை, வாசக அன்பர்களே, சற்று உற்றுப் பாருங்கள். தந்தை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிற்றரசனாக அவனுக்கு இதுவே முதல் போர். எதிர்க்கரையில் முற்றுகையில் கிடந்த கல்மலைக் கோட்டையோ அவன் மாமன் வீடு. அவன் உயிரையே வைத்திருந்த மாமன் மகள் பூதிநங்கை அங்கேதான் இருந்தாள்!

அழைப்போலை வந்தால் படையோடு வந்தே தீரவேண்டும். வராவிட்டால் சொந்த ஊர் சாம்பலாகும். சிற்றரசன் பிழைப்பு அப்படி! ஆயினும் ஏறன் அவளுக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தான்: "என் முரசு மும்முறை முழங்கினால் கோட்டைக் கதவிலுள்ள சிறு திட்டிவாசலைத் திறந்து மாமாவோடு வந்துவிடு. துறையில் காத்திருப்பேன்." அந்த முரசின் கரகரத்த குரலை அவள் நன்கு அறிவாள்.

தண்டநாயகர் அரங்கர் எதிர்கொண்டு வந்தார். "வருக, ஏறரே! முதலில் முரசைக் கொடும்."

"முரசையா? எதற்கு, ஐயா?"

"நன்றாகக் கேட்டீர்! உம் தந்தை சொல்லவில்லையா? பேரரசரின் பாசறையில் சிற்றரசருக்குத் தனி முரசு ஏது? போர் முடிந்ததும் வாங்கிக்கொள்ளும்."

மறுத்தால் ராஜத்துரோகம். எப்படியாவது பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டான், பாவி! கைமாறிய முரசைப் பேரரசர் பெயரால் உடனே மும்முறை முழக்குவது பாசறை வழக்கம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் அடி விழுந்தது. "நிறுத்துங்கள்! ஐயோ, நிறுத்துங்கள்!" என்று அலறியபடி ஓடினான். அதற்குள் மூன்றாவது அடியும் விழுந்துவிட்டது.

எதிர்க்கரையில் திட்டிவாசல் திறந்தது. பேரரசின் குதிரைவீரர்கள் முழங்காலளவு நீரைக் கலக்கிக்கொண்டு அதை நோக்கிப் பாய்ந்தார்கள்.

விளக்கு வைப்பதற்குள் கோட்டை விழுந்தது. அரங்கர் பூரித்துப்போய் ஏறனின் கழுத்தில் மாலை சூட்டினார். "முரசொலியாலேயே வாசலைத் திறக்கவைத்த சூரர் ஐயா நீர்! கல்மலையும் இனி உம்முடையதே. பேரரசரை வாழ்த்தி ஏற்றுக்கொள்ளும்!"

கைகள் கட்டுண்டு, தந்தையின் இரத்தம் தோய்ந்த சேலையோடு பூதிநங்கை எதிரே நின்றாள்.

"நங்கை, சத்தியமாக நான்…"

"வேண்டாம், அத்தான். வாசலை நான்தானே திறந்தேன்? அப்பா தடுத்தார். 'அத்தான் முரசு பொய் சொல்லாது' என்றேன்."

ஏறனின் கை மாலையைப் பிய்த்தெறிய உயர்ந்தது. பின்னால் நின்ற நூறு வில்லாளர்களும், ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்த பெண்டுபிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். உயர்ந்த கையை மற்றொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டான்.

"பேரரசர் வாழ்க!" என்றான்.

"உரக்கச் சொல்லும், ஏறரே," என்றார் அரங்கர். "மூன்று முறை சொல்வதே வழக்கம்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சொன்னான்.