டிரைவர் இறங்கவில்லை

“அப்பா, கையைத் தூக்கணும்னு நான் நினைக்கிறது கைக்கு எப்படித் தெரியும்?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டும் அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

“தலைக்குள்ள ஒரு டிரைவர் இருக்காரும்மா. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினா கை காலெல்லாம் திரும்பும்.”

அவள் நுரையைத் துப்பிவிட்டு யோசித்தாள். “அவரால முடியலன்னா, வேற யாராச்சும் ஏறி ஓட்டுவாங்களா?”

“போடி வாயாடி,” என்று சிரித்துவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நோயாளியை ஏற்றினால் ஒரு பள்ளத்தில்கூடக் குலுக்க மாட்டார் என்பதால் சக ஓட்டுநர்கள் அவருக்கு ‘மெதுவண்ணன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போடான்னா ஊர்வலம் போறான்” என்று கேலி செய்வார்கள். மகள் வளர்ந்து பெரியவளான பிறகு ஒருநாள், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு சரிந்தார். நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுபோய் இறக்கிய அதே பழைய ஆஸ்பத்திரிக்கு அவரையும் கொண்டுபோனார்கள்.

நினைவு திரும்பியபோது மின்விசிறியின் முனகல் கேட்டது. பினாயில் வாடை வந்தது. யாரையாவது கூப்பிட நினைத்தார். வாய் திறக்கவில்லை. கை, கால், கழுத்து, எதுவும் அசையவில்லை. தலைக்குள்ளிருந்த டிரைவர் முழு பலத்தோடு ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பவில்லை.

இமைகள் சரியாக மூடாததால், கண் காய்ந்துவிடும் என்று மருந்து தடவிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அவருக்கு எல்லாப் பொழுதும் இருட்டுதான்.

நர்ஸும் ஆயாவும் அவர் உடம்பைத் துடைத்தபடி அவர் தலைக்கு மேலேயே பேசினார்கள்.

“மெதுவா பேசுங்கக்கா, இவருக்குக் கேட்கப் போகுது.”

“கேட்டா கேட்கட்டுமே. சம்பளம் பத்தலன்னுதானே பேசுறோம், இவரா தரப் போறார்?”

கேட்கிறது தாயே, என்று அவர் உள்ளே கதறினார். கடவுளே, இவர்களில் ஒருவராவது என் பக்கம் திரும்பட்டும்.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் போய்விட்டார்கள். வார்டு அடங்கியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பினாயில் இல்லை. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்.

கட்டிலின் ஓரம் மெல்ல அழுந்தியது, யாரோ உட்கார்ந்ததைப்போல.

குளிர்ந்த ஒன்று அவருடைய வலது கைக்குள், ஒருவர் கையுறைக்குள் விரல் நுழைப்பதுபோல, நுழைந்தது.

கை எழுந்தது.

அவர் எழுப்பவில்லை.

கை மார்பின் மீது தட்டுத்தடுமாறி ஊர்ந்தது. மூச்சுக்காகத் தொண்டையில் செருகியிருந்த குழாயை அடைந்ததும் நின்றது. விரல்கள் குழாயைச் சுற்றின. இழுத்தால் முடிந்தது கதை. சொந்தக் கையைத் தள்ளிவிட அவருக்கு வேறு கை இல்லை.

விரல்கள் குழாயை விட்டன. முகத்தில் ஏறின. இடது கண்ணின் பிளாஸ்திரியை மெதுவாக, வலிக்காமல் உரித்தன.

எதிரே யாரும் இல்லை. கை தொப்பென்று விழுந்தது.

திரும்பிவந்த நர்ஸ், “யாருக்கா இதைப் பிச்சது?” என்று ஆயாவைக் கடிந்துகொண்டாள். புதுப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். கூட மகள் இருந்தாள். பிளாஸ்திரிகளை எடுத்துவிட்டு, “என் விரலை அழுத்துங்க,” என்றார் டாக்டர். “இடது பக்கம் பாருங்க. வலது பக்கம் பாருங்க.”

அவர் உயிரைக் கொடுத்து முயன்றார். கண்கள் பக்கவாட்டில் அசைய மறுத்தன.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். “மனசைத் தேத்திக்கம்மா. அவருக்கு எதுவும் தெரியல. நாளைக்குப் பின்கட்டிடத்துக்கு மாத்திடுவோம்.”

பின்கட்டிடம் அவருக்குத் தெரியும். அங்கே உடம்பைப் புரட்டிப் போடுவார்கள். பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

“அப்பா,” என்று மகள் அவர் காலடியில் நெற்றியை வைத்து அழுதாள். டாக்டர் வாசலை நோக்கி நடந்தார்.

மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

கை எழுந்தது. ஒற்றை விரல் நீண்டு அவர் கண்ணைக் காட்டியது. பிறகு நேர் மேலே விட்டத்தைக் காட்டியது. மறுபடி கண்ணை.

நிமிர்ந்த மகள் அந்த விரலைப் பார்த்தாள்.

“அப்பா, மேல பாருங்க.”

பார்த்தார்.

“கீழ?”

பார்த்தார். “டாக்டர், ஓடி வாங்க” என்ற குரல் வார்டு முழுதும் கேட்டது.

டாக்டர் வெகுநேரம் சோதித்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. “தப்பு என்மேலதாம்மா. மூளை போடுற உத்தரவு கீழ இறங்குற வழி மூளைத்தண்டுல அறுந்திருக்கு. கண்ணை மேல கீழ அசைக்கிற உத்தரவு மட்டும் அதுக்கு முன்னாடியே பிரிஞ்சுடுது. அவர் முழு நினைவோடதான் இருக்கார்.”

“அப்ப கை எப்படித் தூக்கினார்?”

“கை தூக்கவே முடியாதும்மா. ஏதாவது துடிப்பா இருக்கும்.”

டாக்டர் போனதும் அவள் குனிந்தாள். “ஆமான்னா மேல பாருங்க, இல்லன்னா கீழ. நீங்கதானேப்பா தூக்கினீங்க?”

அவர் கீழே பார்த்தார்.

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

மதியம் அவள் மருந்து வாங்கப் போனாள். வார்டு மறுபடி அடங்கியது. பின்கட்டிடம் இனி இல்லை என்ற நிம்மதியில் அவர் கண் நிறைந்தது. ஒரு துளி ஓரத்தில் திரண்டு, காதை நோக்கி ஊர்ந்து, தாங்க முடியாமல் அரித்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. பல வருஷத்துக்கு முன், இதே வார்டிலிருந்து ஒரு தையல்காரப் பெண்ணை அவள் வீட்டுக்கு ஏற்றிப்போனார். “ஒண்ணும் தெரியாத கேஸ்” என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது பின்னால் போய்ப் பார்த்தார். அவள் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தன் துண்டால் ஒற்றி எடுத்தார். “பயப்படாதீங்கம்மா, மெதுவாத்தான் போறோம்” என்றார். அவள் கண்கள் ஒருமுறை மேலே போயின. வண்டி குலுங்கியதால் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தது.

கட்டில் ஓரம் அழுந்தியது.

இந்த முறை அவர் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவர் கண்கள் மேலே போயின.

வலது கை எழுந்தது. போர்வையின் நுனியைச் சுருட்டி எடுத்தது. கண்ணோரத்தை, பிறகு காது மடலை, அவசரமில்லாமல் ஒற்றி எடுத்தது.

“பயப்படாதீங்கண்ணே,” என்றது காதருகே ஒரு மூச்சு. “மெதுவாத்தான் போறோம்.”

பிறகு கை, ஈரமான நுனியை உள்பக்கம் வைத்து மடித்து, நகத்தால் அழுத்தி, தைக்கப் போகும் துணியைப்போல நேராக நீவிவிட்டு, தன் இடத்தில் படுத்துக்கொண்டது.