நொதிக்கும் மாதம்

கீழே யாரும் துப்பவில்லை. ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த ஓடில் கத்தியை நிறுத்திக் காது கொடுத்தாள். சுற்றுலா வந்த எட்டு பெல்ஜியக்காரர்கள் நிலவறையில் ஒயின் ருசி பார்க்கிறார்கள்; ருசி பார்ப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவதுதான் வழக்கம். கொப்பளித்துத் தகர வாளியில் துப்பும் சத்தமும், அதற்கு அவர்களே சிரித்துக்கொள்ளும் சிரிப்பும் இத்தனை நேரம் படிக்கட்டு வழியே ஏறி வந்துகொண்டிருந்தன. இப்போதோ பீப்பாய்களில் புதுத் திராட்சைச் சாறு நொதித்துக் குமிழியிடும் முணுமுணுப்பும், தொண்டைகள் மடக் மடக்கென்று விழுங்குவதும் மட்டுமே கேட்டன.

இந்த மாதத்தில் யாரையும் கீழே கூட்டிப்போகக் கூடாது. நொதிக்கும் சாறு விடுகிற வாயு தரையில் தேங்கி ஆளைக் கொன்றுவிடும். ஆனால் அவள் கணவன் லூசியனுக்குச் சிரித்துக் கேட்பவர்களிடம் மறுக்கத் தெரியாது. சரி, மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பான். சுடர் அணைந்தால் திரும்பிவிடுவான்.

மெழுகுவர்த்தி ரொட்டிப் பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டு கையிலும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறான், மடையன்.

அவள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு இறங்கினாள். ஆறாவது படியில் சுடர் அணைந்தது. மூக்கில் சோடா ஏறியதுபோல் சுரீரென்றது.

“லூசியன், எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வா.”

“ஏன், நல்லாத்தானே இருக்கோம்,” என்றான் அவன் கீழிருந்து. “நீயும் வாயேன். உனக்கும் ஊத்தி வச்சிருக்கேன்.”

பேசுகிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். அவளுக்கு அது போதும். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவனை விட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓட மனம் வரவில்லை. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள்.

கீழே மின்விளக்கு எரிந்தது. ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள். உதடுகள் நீலமாக.

லூசியனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சில்லென்றிருந்தது. அவன் அசையவில்லை. கையைத் திருப்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இறுக்கமாக.

மழைக்கோட்டு போட்ட ஒரு பெல்ஜியக்காரி நகர்ந்து வந்து படிக்கட்டை மறித்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷந்தாம்மா,” என்றாள் ஆறுதலாக. “எங்களுக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

நெஞ்சு எரிந்தது. கண் இருட்டியது. ஒன்பது மார்புகள். ஒன்றுகூட ஏறவில்லை. இறங்கவில்லை.

லூசியன் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தான். பிரசவ அறையில் துடைத்த அதே பொறுமையோடு.

“எவ்வளவு நேரந்தான் அடக்குவே, செல்லம்? விட்டுடு.”

மற்றவர்கள் கோப்பைகளை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தார்கள். அவள் வாய் தானாகத் திறந்தது.