ஆளுக்குப் பாதி

பொம்மி ஏலக்காயை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனாள். வாசம் வரவில்லை. இன்னொன்றை நசுக்கினாள். அதிலும் இல்லை. போடி ஏலக்காய்ச் சந்தையில் பதினாறு ஆண்டுகளாக முகர்ந்தே தரம் சொல்லுகிறவள் அவள். அண்ணன் ஜக்கையனுக்கும் முதலில் போனது மோப்பம்தான். கைநடுக்கம் பிறகுதான் வந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் மெஹருன்னிசா மூளைப்படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அண்ணன் மூக்குல போடுற நொதித்தூவியை நீங்களும் போட்டீங்களா?"

"தெனம் ஒரு தூவல், மூணு வருசமா. மூளைக்கு நல்லதுன்னு ஊரே போடுதுல்ல டாக்டரம்மா? சரக்கு வரலைன்னு ஒரு மாசமா நிறுத்திட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கினார். மூளையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குப்பைக்கூடைகள் உண்டு. அங்கே சேரும் கொழுப்பை ஒரு நொதி உடைத்துக் கரைக்கும். நொதி குறைந்தால் கொழுப்பு தேங்கும். தேங்கிய கொழுப்பில் புரதம் ஒட்டிக் கட்டியாகத் திரளும். அந்தக் கட்டியோ, மிச்சமிருக்கும் நொதி கூடைக்கு வரும் வழியையே அடைத்துவிடும். ஜக்கையனுக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு. மூக்கு வழியாக அதை மூளைக்கு அனுப்பும் தூவி வந்த பிறகுதான் அவனுடைய நடுக்கம் நின்றது.

"எனக்கு அந்தக் குறை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப இல்லை. பக்கத்து வீட்டுலேர்ந்து மூணு வேளையும் சோறு வந்தா யாரும்மா அடுப்பு மூட்டுவா? உங்க செல்லும் நொதி செய்யறதை விட்டிருச்சு."

"மறுபடி மூட்டாதா?"

"இதுவரைக்கும் யாருக்கும் மூட்டலை. இனி ஆயுசுக்கும் தினம் ஒரு முழுத் தூவல் வேணும். பாதி போட்டா போடாத மாதிரிதான்."

வெளியே கூடம் நிறைந்திருந்தது. ஆளாளுக்கு ஏலக்காயை நசுக்கி முகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூடமே மணந்திருக்க வேண்டும்.

ஜக்கையன் வாசலில் காத்திருந்தான். "என்னத்தா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"தூவி போடணுமாம்ண்ணே."

"அம்புட்டுத்தானே! இதுக்கா பயப்படுற?" சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்தான். ஊரில் மிஞ்சியிருந்த கடைசிச் சரக்கில் ஒன்று. "சரக்கு வர்ற வரைக்கும் ஆளுக்குப் பாதியா போட்டுக்குவோம்."

பாதியால் இருவருக்கும் பயனில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் முழுவதையும் அவளிடமே தந்துவிடுவான். அண்ணனை அவளுக்குத் தெரியும்.

குப்பியை நீட்டியபடி நின்றான் ஜக்கையன். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.