முதுகு காட்டி நின்றவள்

லிஸ்பன் படத்தில் கும்ஜுவின் காது தெரிந்தது.

தேசோப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தார். மலைச்சரிவில் ஏறும் கல் படிக்கட்டு. இரண்டு பக்கமும் நீல ஓடு பதித்த சுவர்கள். படிகளின் நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மஞ்சள் குடை பிடித்து முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். ஊர் ஊராகக் கண்காட்சிச் சுவர்களில் ஆளுயரத்துக்குத் தொங்கிய படம். அதில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். குடைக்குக் கீழே தோள்வரை முடி, பழுப்பு கோட்டு, குதிகால். அவ்வளவுதான். முடி காதை மூடியிருக்கும்.

இப்போது மூடவில்லை. தலை இம்மியளவு இடப்பக்கம் திரும்பி, முடி விலகி, காது வெளியே வந்திருந்தது. காதில் ஒற்றை முத்து.

ராத்திரி முழுக்கத் தூங்காத கண் எதைத்தான் காட்டாது என்று சொல்லிக்கொண்டார்.

அவர் மனைவி கும்ஜு அன்று விடியற்காலையில்தான் இறந்திருந்தாள். முந்தின இரவு சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்திலேயே துக்கக் கூடம் ஏற்பாடாகி, வெள்ளைச் செவ்வந்தி வந்து இறங்கி, சாயங்காலம் வருகிறவர்களுக்கு மாட்டுக்கறி சூப்பும் கொதிக்கத் தொடங்கிவிட்டது. பூக்களின் நடுவே கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டம் மட்டும் காலியாக நின்றது. அதில் வைக்க அவள் முகம் வேண்டும். வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் மண்டியிடுவார்கள்.

அவரிடம் முகம் இல்லை.

தேசோப் கட்டடங்களைப் படம் எடுப்பவர். கட்டடம் எவ்வளவு பெரிது என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு முகம் கூடாது. கல்யாணம் ஆனதிலிருந்து கும்ஜுதான் அந்த ஆள். ஹாங்காங், சிகாகோ, ஹெல்சிங்கி என்று அவர் போன ஊருக்கெல்லாம் குடையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய், அவர் கை காட்டிய இடத்தில் நின்றாள். அவர் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று கணக்கெடுத்தால் 'திரும்பாதே' என்பதாகத்தான் இருக்கும். குளிரில் விறைத்துப்போய் நின்ற ஒரு நாள், ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டாள். முகம் வந்தால் பார்க்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான், அப்புறம் கட்டடத்தை எவன் பார்ப்பான் என்றார் இவர்.

"அப்ப எம் மூஞ்சி கட்டடத்தைவிடப் பெருசுன்னு ஒத்துக்கிறீங்க" என்று குடைக்குள்ளிருந்து அவள் சிரித்தாள். திரும்பவில்லை.

வீட்டு விசேஷங்களில் போனைப் பிடித்து மற்றவர்களைப் படம் எடுப்பவளும் அவளே என்பதால் அதிலும் அவள் இல்லை. அடையாள அட்டையிலிருந்த பழைய படத்தைப் பெரிதாக்கினால் மாவு கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது என்று கூடத்து ஊழியர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் கும்ஜுவின் தங்கை ஹியோன்ஜு, எல்லார் எதிரிலும், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"உலகத்துல இருக்கிற கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் படம் வச்சிருக்கீங்க அத்தான். எங்கக்கா மூஞ்சிக்கு ஒண்ணு இல்ல."

அதனால்தான் துக்க வீட்டுக்காரர் இந்த மத்தியான மழையில் வீட்டுக்கு வந்து, பழைய படங்களைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது ஒன்றில் அவள் கவனக்குறைவாகத் திரும்பியிருக்க மாட்டாளா. கூட வந்த ஹியோன்ஜு அடுத்த அறையில் அவருடைய கறுப்பு கோட்டுக்காக அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். ஹேங்கர்கள் கம்பியில் உரசும் சத்தமும், கம்ப்யூட்டரின் விசிறி இரைச்சலும், பால்கனிக் கண்ணாடியில் வழியும் மழையும் ஒன்றாகக் கலந்து, எள்ளெண்ணெய் வாசனை இன்னும் போகாத அந்த வீட்டுக்குள் யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஹாங்காங் படத்தைத் திறந்தார். வானம் தெரியாமல் நாலு பக்கமும் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகள், ஆயிரம் ஜன்னல், காயும் துணிகள், கீழே முற்றத்தில் மஞ்சள் குடை.

கன்னம் தெரிந்தது.

பெரிதாக்கினார். அந்தத் தூரத்தில் எடுத்த படத்தை இழுத்தால் எல்லாமே சதுரம் சதுரமாக உடையும். அவள் பக்கத்துச் சுவர் அப்படித்தான் உடைந்தது, குடைக்கம்பி உடைந்தது. கன்னம் உடையவில்லை. இழுக்க இழுக்கத் தெளிவாக வந்தது. தோலின் துளைகள், பூனைமயிர், தாடையோரம் ஒரு மச்சம். எந்த லென்சும் அதை அங்கிருந்து பிடித்திருக்க முடியாது.

நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார். பயத்தில்தான். ஆனால் அந்த மச்சத்தைப் பார்த்ததும் விரல் தானாகத் திரையைத் தொட்டது.

ஹியோன்ஜு பார்லித் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கிடைத்ததா என்று கேட்டாள். கேட்கும்போது பக்கவாட்டில் புத்தக அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுத கண்ணைக் காட்டப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அல்லது கோபம் இன்னும் ஆறவில்லை. கிடைத்துவிடும் என்றார். அவள் அலமாரியிடம் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சிகாகோ. மூக்கின் நுனி.

ஹெல்சிங்கி. பனி மூடிய சதுக்கம், தேவாலயத்தின் வெள்ளைத் தூண்கள், இமையின் ஓரம், ஈரமான ஒரு ரோமம்.

ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வருஷம், ஒவ்வொரு கண்டம். ஆனால் அவள் எல்லாவற்றிலும் ஒரே திரும்பலைத் திரும்பிக்கொண்டிருந்தாள், ஒரு படத்தில் விட்ட இடத்திலிருந்து அடுத்த படத்தில் தொடர்ந்து, நிதானமாக, குடையைச் சாய்க்காமல், காத்திருந்து காத்திருந்து ஒரு வழியாக அனுமதி கிடைத்தவளைப் போல. தேசோப் எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தார். முகத்தில் மழைச்சாரல் அடித்தது. எதிர்க்கட்டடத்தில் ஒருத்தி செடித்தொட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள், அவள் வீட்டுக்காரன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். தினமும் கையசைக்கிறவர்கள். இன்று இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே குடைக்குள் போன ஒருவர்கூட நிமிரவில்லை. மழை, யார் நிமிர்வார்கள்.

உள்ளே வந்து கடைசிப் படத்தைத் திறந்தார். இந்த வசந்தத்தில் எடுத்தது. ஹான் நதிப் பாலத்தின் அடியில், கண்ணுக்கு எட்டும் வரை கான்கிரீட் தூண்கள், தூண்களுக்கு நடுவே அவள்.

ஒரு கண் தெரிந்தது.

தோளுக்கு மேலாக, கடைக்கண்ணால், அவரைப் பார்த்தது. அத்தோடு நின்றிருந்தது. இதற்கு மேல் அவளாகத் திரும்ப மாட்டாள் போலிருந்தது.

முதுகுப் பக்கம் தரை கிறீச்சிட்டது. ஹியோன்ஜு கோட்டோடு வாசலில் நின்றாள். கோட்டு அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தது; அவருக்குத் தெரிந்தது கறுப்பு உடையின் முதுகும், தூக்கிக் கட்டிய கூந்தலும், துக்கத்துக்குச் செருகிய வெள்ளை ரிப்பன் கிளிப்பும்.

"ஹியோன்ஜு, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா."

"உங்களைப் பார்த்துக்கிட்டுதானே அத்தான் நிக்கிறேன்."

குரல் வெளி அறைப் பக்கம் போய், சுவரில் பட்டு வந்தது.

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு சரியில்லையா, டாக்சிக்குச் சொல்லட்டுமா என்று அந்தக் கூந்தல் கேட்டது. சொல் என்றார். அவள் போனாள். நேராக. பின்பக்கமாக நடந்து போகிறாளா, முன்பக்கமாகவா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

புரிந்துவிட்டது. படத்தில் அவள் இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப, மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். இன்னும் நேரம் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம். கலங்கிப்போன அடையாள அட்டைப் படத்தையே சட்டத்தில் வைத்துவிடலாம். ஊர் சிரிக்கும், மச்சினி சபிப்பாள், சபிக்கிற முகத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். கை சுவிட்ச் வரைக்கும் போனது.

அந்த ஒற்றைக் கண் காத்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக நின்று பழகிய கண்.

"திரும்பு, கும்ஜு" என்றார்.

திரும்பினாள்.

அழகாக இருந்தாள். கண்ணோரத்தில் சுருக்கங்கள், மேலுதட்டின் மேல் மெல்லிய கோடுகள், நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு. எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார்; அந்தச் சுருக்கங்கள் எப்போது வந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. தழும்பு எப்படிப் பட்டது என்று தெரியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அன்று முதல்முறையாக அழுதார். பக்கத்தில் பிரிண்டர் வரி வரியாக அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, முதலில் நெற்றி, அப்புறம் கண்கள்.

லிஃப்டில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் கதவைப் பார்த்து நின்றார்கள். லிஃப்டில் அப்படித்தான் நிற்பார்கள்.

டாக்சிக்காரர் மழையைத் திட்டினார். மந்திரியைத் திட்டினார். ஆஸ்பத்திரிக்கா, யாருக்கு என்ன என்று கேட்டார். தேசோப் பதில் சொல்வதற்காகக் கண்ணாடியைப் பார்த்தார். முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடி. டிரைவரின் கண்கள் தெரிய வேண்டிய இடம்.

மயிர். நரைத்த, ஒட்ட வெட்டிய பின்மண்டை.

அதற்குப் பிறகு அவர் மடியிலிருந்த, அவள் படம் வைத்த உறையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூடத்தில் படத்தைச் சட்டத்தில் ஏற்றினார்கள். ஊழியர் இவ்வளவு தெளிவான படத்தைப் பார்த்ததே இல்லை என்றார். ஹியோன்ஜு அதன் முன்னால் போய் நின்றாள், நின்றபடியே உடைந்தாள், இது அக்காவேதான், இதை வைத்துக்கொண்டா தேடினீர்கள் என்று விம்மினாள். தேசோப் பக்கவாட்டில் நகர்ந்து அவளைப் பார்த்தார். கூந்தல். இன்னும் நகர்ந்தார், படத்துக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். கூந்தல். வெள்ளை ரிப்பன்.

கையில் துக்கப்பட்டி கட்டி, பூக்களுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினார்கள். ஊதுவத்தி புகைந்தது. ஆட்கள் வந்தார்கள். நண்பர்கள், கண்காட்சி நடத்துகிறவர்கள், கும்ஜுவோடு நீச்சலுக்குப் போகும் பெண்கள். படத்தின் முன் இரண்டு முறை மண்டியிட்டார்கள். பிறகு அவரை வணங்குவதற்காக அவர் பக்கம் திரும்பினார்கள்.

முதுகுகள்.

அவருக்கு எதிர்த்திசையில் குனிந்தன. நிமிர்ந்தன. தைரியமாக இருங்கள் என்றன. அவர் பதிலுக்குக் குனிந்தார். அடுத்த வரிசை. காலர்கள், பிடரிகள், வழுக்கைகள். அடுத்தது. தெரிந்த குரல்கள். யாருக்கும் முன்பக்கம் இல்லை.

கூடம் முழுக்க ஒரே ஒரு முகம். செவ்வந்திகளுக்கு நடுவில். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். ஹியோன்ஜு ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். காலையில் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னைப் பாருங்க அத்தான். ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பாருங்க."

உள்ளங்கையின் கீழே ஈரமான கன்னம் துடித்தது. மூக்கு பட்டது. இமைமயிர்கள் படபடத்தன. சூடான நீர் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது.

அவர் பார்த்தார். கை புதைந்திருந்த இடத்தில் கறுப்புக் கூந்தல். அதில் வெள்ளை ரிப்பன்.